சத்தக்காரர் வீட்டுக் காலை

வானொலி நிலையத்தில் அவரைச் சத்தக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாடகங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவர் வேலை. தகரத் தட்டில் அரிசியைச் சரித்தால் மழை, கண்ணாடிக் காகிதத்தைக் கசக்கினால் தீ. வீட்டில் நேரெதிர். வந்தது தெரியாமல் வருவார், சாப்பிட்டது தெரியாமல் எழுந்து போவார். "ஊருக்கெல்லாம் இடி இடிக்கிற மனுஷன், வீட்ல ஒரு தும்மல்கூடப் போட மாட்டேங்கிறாரு" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போர் நகரத்தை வளைத்துக்கொண்டது. ஆற்றுப் பாலம் இருக்கும்போதே மனைவியையும் மகளையும் லாரியில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார். நிலையத்து ஆட்கள் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. "உப்பு அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு, வீடெல்லாம் தேடாதீங்க" என்றாள் மனைவி. பதிலுக்கு என்ன சொல்வதென்று அவர் யோசித்து முடிப்பதற்குள் லாரி தெருமுனையில் திரும்பிவிட்டது.

நடிகர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஒரு குண்டு இசைத்தட்டு அறையை எரித்தது. மிஞ்சியது அவரும், ஒலிபரப்பைக் கவனிக்கும் இன்ஜினியர் பெண்ணும்தான். ராணுவ அறிவிப்புகளை அவளே வாசித்தாள். நடுவில் வெறும் நிசப்தம். ஒருநாள் அந்த நிசப்தத்தைக் கேட்டு, நகரமே விழுந்துவிட்டது என்று நினைத்து, நிலவறைகளில் பதுங்கியிருந்த சிலர் ஆற்றை நோக்கி ஓடினார்கள். பாலம் இல்லை. ஓடியவர்களில் பலர் திரும்பவும் இல்லை.

"ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கணும் அண்ணே. என்னத்தப் போடறது?"

"என்கிட்ட சத்தம்தாம்மா இருக்கு. கதை இல்லையே."

"சத்தத்தையே போடுங்க."

மறுநாள் காலை மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். இடி வேண்டாம், அது வெளியே தாராளமாக இருந்தது. தாழ்ப்பாளை விலக்கினார். குழாயைத் திறந்தார். துடைப்பத்தை எடுத்து, மனைவி பெருக்குவதுபோலவே இரண்டு நீளம், ஒரு குட்டை என்று இழுத்தார். தண்ணீருக்குள் குழல் வைத்து ஊதிப் பால் கொதிக்க வைத்தார். கட்டில் கிரீச்சிட்டது, மகள் எழுந்திருக்க மறுக்கிறாள். சீப்பு கீழே விழுந்தது. ஒற்றைச் செருப்பைத் தேடி அங்குமிங்கும் ஓடும் கால்கள். ஒரு சொல் பேச்சில்லை. அப்படியொரு நாடகத்தை அந்த நிலையம் அதற்குமுன் ஒலிபரப்பியதே இல்லை.

பாதியில் நிஜக் குண்டு ஒன்று அருகிலேயே விழுந்தது. கட்டடம் குலுங்கியது. துடைப்பம் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மறுபடி பெருக்க ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அப்பால் இன்ஜினியர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தினமும் காலையில் அந்த வீடு விழித்தது. அறுபடாமல் மிஞ்சியிருந்த தொலைபேசியில் அழைப்புகள் வந்தன. "அந்தப் பொண்ணு இன்னைக்கும் பாலைக் குடிக்காம ஓடிடுச்சு. அவங்கம்மாகிட்ட சொல்லக் கூடாதா?" என்று ஒரு பெண் குறைபட்டாள். ஒரு பெரியவர் கேட்டார்: "எல்லாம் சரி, அந்த வீட்ல அப்பன்னு ஒருத்தன் இருக்கானா இல்லையா?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று பகல் முழுக்கக் காலி ஸ்டுடியோவில் தன் சத்தத்தைத் தேடினார். நாற்காலியை நகர்த்திப் பார்த்தார், தொண்டையைச் செருமிப் பார்த்தார். எதுவும் அவராக இல்லை.

"நான் வீட்ல எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியலம்மா" என்றார். இன்ஜினியர் பெண் ஏதோ கம்பியைத் திருகினாள்.

சில வாரங்கள் கழித்து, மருந்துப் படகில் வந்த ஒருவர் மைத்துனர் சொல்லியனுப்பிய சேதியைக் கொண்டுவந்தார். அகதி முகாமில் காய்ச்சல். மனைவி போய்விட்டாள், மகள் மைத்துனர் வீட்டோடு இருக்கிறாள். அவர் முதன்முதலாக அந்தத் துடைப்பத்தை எடுத்த நாளுக்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

"நாளைக்கு வேண்டாம் அண்ணே. நான் ஏதாவது பேசிச் சமாளிச்சுக்கிறேன்."

தலையாட்டினார். ஆனால் காலையில் வந்து உட்கார்ந்துவிட்டார். தாழ்ப்பாள் விலகியது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று ஒரு பாத்திரம் விழுந்தது. அதன் மூடி அறை முழுக்க உருண்டது. தீக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடிந்தன. பால் பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. யாரோ விரலைச் சுட்டுக்கொண்டு 'ஸ்ஸ்' என்றார். துடைப்பம் கோணல்மாணலாக இழுபட்டு, சுவரில் முட்டி, நின்றது.

நிலவறைகளில் சிரித்தார்கள். "அம்மாக்காரி ஊருக்குப் போயிட்டா போல, அப்பன் வசமா மாட்டிக்கிட்டான்!" என்று அந்தப் பெரியவர் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள் இன்ஜினியர் பெண்.

முற்றுகை விலகியதும் அந்தக் காலை ஒலிபரப்பைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள். அதன் ஒலிநாடா வேண்டுமென்று வந்து நின்றார்கள். பதிவு செய்ய நாடா ஏது? ஆண்டு விழா மேடையில் மறுபடி செய்யச் சொன்னபோது, "அது முடிஞ்சு போச்சுங்க" என்று கும்பிட்டார். ஓய்வு பெறும்வரை மற்றவர்களின் நாடகங்களுக்கு மழை பெய்வித்தார்.

மகள் திரும்பி வந்து, வளர்ந்து, வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். முகாமில் வானொலி இல்லாததால் அவள் அதைக் கேட்டதே இல்லை. ஒரு விடுமுறைக்கு வந்தபோது அவரிடம் விசாரித்தாள்.

"எல்லாரும் சொல்றாங்களே, அப்படி என்னப்பா செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. உங்கம்மா காலையில பெருக்குவால்ல, அந்த மாதிரி..." என்று கையைத் தூக்கினார். கை அப்படியே நின்றது.

அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.