அவள் பேரம் பேசுகிற கடை

புதுவாயல் கூட்ரோட்டில் ஒரு துணிக்கடை இருக்கிறது. அதன் முதலாளிக்கு வழுக்கைத் தலை, மேசையில் இடிக்கிற தொப்பை, பிரஷருக்கு ஒன்றும் சுகருக்கு ஒன்றுமாக மாத்திரை. அந்த மனிதரைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன் என்று சொன்னால் என்னோடு ஷிஃப்டில் இருப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவருடைய கடையும் காசும் எனக்கு வேண்டாம். என் மனைவி அவரோடு பேசுகிற பேச்சு எனக்கு வேண்டும்.

வீட்டில் அவள் பேச்சு அளந்துதான் வரும். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், மோட்டார் ஓடவில்லை என்பாள், பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்வாள். அதற்கு மேல் நானாக எதையாவது ஆரம்பித்தால் "ம்" கொட்டிக்கொண்டே துணி மடிப்பாள். சண்டைகூடப் போட மாட்டாள். "தங்கமான பொண்ணு, வாயே தொறக்காது" என்று தெருவில் அவளுக்குப் பெயர். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவரும் அவளோடு துணிக்கடைக்குப் போனதில்லை.

கடை திறக்கிற நேரம் பார்த்துத்தான் போவாள். முதலாளி ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு உட்காருகிற சமயத்தில் முதல் ஆளாக உள்ளே நுழைவாள். அன்றைய முதல் வியாபாரம்தான் போணி. போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் நாள் விளங்காது என்பது அவருடைய நம்பிக்கை. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பழவேற்காட்டில் அவளுடைய அம்மா மீன் விற்றவர். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்க வருகிறவர்கள் என்னென்ன சாக்குச் சொல்லி விலையைக் குறைப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் இவள். அன்றைக்குக் கேட்டதையெல்லாம் இன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறாள்.

நான் வெளியில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உள்ளே நடப்பது எல்லாம் காதில் விழும். ஒரு நாள் பெட்ஷீட் எடுக்கப் போனோம்.

"இன்னாண்ணா, இது இன்னா வெல?"

"உனக்குன்னா அறுநூறு."

"எனக்கே அறுநூறா? அப்ப வேண்டாதவங்களுக்கு இன்னா சொல்லுவ?"

"கையில எடுத்துப் பாரு தங்கச்சி. எம்மாங் கனம் கீது பாரு."

"கனமாத்தான் கீது. தோச்சிப் பிழியறதுக்கு நீ வருவியா? முந்நூறுன்னா குடு."

"முந்நூறா! வாங்கின வெலையே வராதும்மா. எம் பொண்டாட்டிக்கே இந்த ரேட்டுல குடுக்க மாட்டேன்."

"அண்ணி உன் கடையிலயா எடுக்குது? உன்னப் பத்தித் தெரிஞ்சிதான் அது வேற கடைக்குப் போவுது."

அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். அவளும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என் வீட்டுச் சுவர்கள் கேட்டதே இல்லை.

ஒரு கட்டத்தில் பெட்ஷீட்டை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். "வேணாண்ணா, நீயே போத்திக்கினு தூங்கு." படியிறங்கி, நான் நிற்கிற பக்கம்கூடத் திரும்பாமல் ரோட்டைப் பார்த்து நடந்தாள். அந்த நடை எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். டீக்கடை வரைக்கும் அவர் விட்டுப் பார்ப்பார். அப்புறம் வாசலுக்கு ஓடி வந்து, "யம்மா, தங்கச்சி! வா, வந்து எடுத்துக்கினு போ!" என்று கத்துவார். அவள் உடனே திரும்பிவிட மாட்டாள். காது கேட்காதது போல இன்னும் இரண்டு எட்டு வைத்துவிட்டுத்தான் திரும்புவாள். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அவ்வளவு களை இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான், எனக்குத் தெரியாதா?

கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு விலை படியும். அவர் பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, "உன் கைராசி யாருக்கும் வராதும்மா. நீ போணி பண்ணா அன்னிக்கி யாவாரம் பிச்சிக்கினு போவுது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மனைவியின் கைராசியை இன்னொருத்தர் வாயால் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அவர் தங்கச்சி என்கிறார், இவள் அண்ணா என்கிறாள், இதில் உனக்கென்ன எரிச்சல் என்று கேட்கலாம். தப்பாக நான் எதையும் நினைக்கவில்லை. அரை மணி நேரம் ஓயாமல் பேசி, கேலி பண்ணி, கோபித்து, சிரிக்கிற ஒருத்தி அந்தக் கடைக்குள் இருக்கிறாள். என் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் காணாமல் போய்விடுகிறாள். அந்தப் பெண் எனக்கல்லவா மனைவி? அவருக்குக் கிடைக்கிறவள் எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

கடையை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. திருநின்றவூரில் என் அக்கா வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது, புதிதாகத் திறந்திருந்த பெரிய ஜவுளிக்கடைக்கு அவளை அழைத்துப் போனேன். ஏசி, பளபளவென்று தரை, புடவைக்குப் புடவை விலை அச்சடித்த அட்டை. பழக்க தோஷத்தில் அவள் ஒரு புடவையை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்து, "கொஞ்சம் பாத்து சொல்லும்மா" என்றாள். விற்கிற பெண் பாவம், விழித்தது. "ஃபிக்ஸட் ரேட்டுதான்க்கா" என்று சுவரில் இருந்த போர்டைக் காட்டியது. எனக்கு உள்ளுக்குள் குஷி. இங்கே இவள் யாரோடும் பேச முடியாது, பேசினால் என்னோடுதான் பேச வேண்டும்.

"கடை எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீது" என்றாள். வீடு வந்து சேரும் வரை அவ்வளவுதான். அடுத்த வாரமே ரவிக்கைக்கு லைனிங் துணி வேண்டும் என்று புதுவாயலுக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் ஏற்கனவே லைனிங் துணி இருந்தது. தெரிந்தும் நான் வண்டியை எடுத்தேன்.

அப்புறம்தான் அந்த வித்தையை நானே கற்றுக்கொண்டால் என்ன என்று இறங்கினேன். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வரும்போது நேராகக் கடைக்குப் போனேன். ஊதுவத்திப் புகை அடங்கவில்லை. முதல் ஆள் நான்தான்.

"வாங்க மாப்ளே!" என்றார். இவள் தங்கச்சி என்பதால் நான் அவருக்கு மாப்பிள்ளை.

"லுங்கி இன்னா வெல?"

"முந்நூத்தம்பது" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். என்னுடைய முறை. என்னென்ன சொல்ல வேண்டும் என்று மெஷின் முன்னால் நின்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அந்தப் புருவத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"சரி, குடுங்க" என்றேன்.

மனிதருக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. "இன்னா மாப்ளே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டு, தானாகவே ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "வெச்சுக்கங்க. போணி பண்றவங்க நாலு வார்த்த பேசணும், அப்பதான் நமக்கும் யாவாரம் பண்ணா மாரி இருக்கும்." அவர் என்மேல் இரக்கப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொன்ன வெலைக்கா வாங்கினீங்க? ஐயய்யோ, அவரு இன்னா நெனச்சிருப்பாரு! மொதல்ல பிரிச்சிப் பாக்கணும். சாயம் போவுமான்னு கேக்கணும். மூஞ்சச் சுளிக்கணும். அவரு உடனே இப்டிப் பண்ணுவாரு பாருங்க" என்று கையைக் கட்டிப் புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். அவரைப் போலவே குரலை மாற்றிப் பேசினாள், தன் குரலில் பதில் சொன்னாள். என் வீட்டில் அவள் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பாதிப் பேச்சு அவருடையதாக இருந்தது. என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டாரே என்று மறுபடியும் வயிறு எரிந்தது.

ஒன்று மட்டும் புரிந்தது. அந்தப் பேச்சு வேண்டுமென்றால் விலை சொல்கிறவன் நானாக இருக்க வேண்டும். அவள் என்னிடம் கேட்பது செலவுக்குப் பணம்தான். இத்தனை வருடத்தில் ஏன், எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தீபாவளி போனஸ் வந்தது. தீபாவளி கழிந்ததும் பழவேற்காட்டில் அவள் தம்பிக்குக் கல்யாணம். அவள் கேட்பாள் என்று தெரிந்து ஏடிஎம்மில் எடுத்துச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தேன். சாயங்காலம் கீரைக்கட்டோடு வந்து உட்கார்ந்தவள், "தம்பி கல்யாணத்துக்குப் பொடவ எடுக்கணும். நாலாயிரம் வேணும்" என்றாள்.

நான் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நாலாயிரமா! கட்டுப்படியாகாது தங்கமே. ரெண்டாயிரம், அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். புருவத்தையும் தூக்கிக்கொண்டேன். இப்போது ஏதாவது குத்தலாகச் சொல்வாள், கீரைக்கட்டைப் போட்டுவிட்டு எழுந்திருப்பாள், வாசல் வரைக்கும் விட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும் என்று அதுவரைக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி, ரெண்டாயிரமே போதும்" என்று சொல்லிவிட்டுக் கீரையைக் கிள்ள ஆரம்பித்தாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இன்னா இது? அந்தாளாண்ட எம்மா நேரம் பேசற? என்னாண்ட ஒரு வார்த்த பேசுனா இன்னா? நானும் பேரந்தானே பேசுனேன்?"

அவள் கை நிற்கவில்லை. "அங்க படியலன்னா எழுந்து வந்துடலாம். அவரும் கூப்புடுவாரு. இங்க படியலன்னா நான் எழுந்து எங்க போறது?"

குறையாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். நானும் கூப்பிடுவேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை. பையிலிருந்ததில் நாலாயிரத்தை எண்ணி எடுத்து நீட்டினேன். அவள் எதுவும் கேட்காமல் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.