மூன்றாவதாக வந்தவன்

சங்கரலிங்கத்துக்கு அழகர்சாமி மேல் ஆறு வருஷமாக ஒரு கோபம் இருந்தது. சோறு போட்டார், கம்பளிக் கோட்டு எடுத்துக் கொடுத்தார், டொராண்டோவை ஒட்டிய ஸ்காபரோவில் தன் வீட்டிலேயே ஒரு அறையையும் கொடுத்தார். கோபத்தை மட்டும் விடவில்லை. வாய்க்கருகே வந்த அதிர்ஷ்டத்தைக் கீழே தள்ளிவிட்டவனை வேறு என்ன செய்ய?

அவர் தூத்துக்குடிக்காரர். கப்பல் வேலையில் வந்து டொராண்டோவில் தங்கிப்போனவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. ஒரு காலேஜில் விளையாட்டுப் பிள்ளைகளின் உடுப்பைத் துவைத்து, ஷூக்களைக் காயவைப்பது அவர் வேலை. ஒருநாள் துவைக்கிற மிஷின் பாதியில் நின்றுபோக, அதை நல்ல தமிழில் வைதுகொண்டிருந்தார். வாசலில் ஈர ஸாக்ஸும் கையுமாக ஒரு பையன் சிரித்தான்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

கோவில்பட்டியிலிருந்து படிக்க வந்த அழகர்சாமி அப்படித்தான் அறிமுகம். அன்றிலிருந்து அவனுடைய ஸாக்ஸ் மட்டும் ஹீட்டர் மேல் தனியாகக் காய்ந்தது.

ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் அவனுக்கு முன்னால் அந்தக் காலேஜில் ஆள் கிடையாது. ஆனால் ஊரில் தகப்பனாருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலை போய்விட்டது. மறு வருஷம் படிக்க வழியில்லை. அந்த நேரத்தில்தான் அமெரிக்கக் காலேஜ் ஒன்றிலிருந்து கோச் ஒருத்தர் வந்தார். எழுபத்திரண்டு மே மாதப் பந்தயத்தில் ஜெயிக்கிறவனை அழைத்துப் போவதாகப் பேச்சு. படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

பந்தயத்தன்று சங்கரலிங்கம் வேலையைப் போட்டுவிட்டு வேலியோரம் நின்றார். கடைசிச் சுற்றில் அழகருக்கு முன்னால் ஒரே ஒரு செம்பட்டை முடிப் பையன். வளைவில் அவன் கால் பின்னி விழுந்தான். அழகர் தாண்டிக் குதித்தான். தாண்டும்போது ஆணி வைத்த ஷூ விழுந்தவன் தலையில் பட்டுவிட்டது.

இனி முன்னால் யாருமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் ஜெயித்திருப்பான். இவன் நின்றான். திரும்பி வந்தான். குனிந்து அந்தப் பையனின் தலையைத் தொட்டு, தொட்ட கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். பிறகுதான் ஓடினான். அதற்குள் பின்னால் வந்த இரண்டு பேர் கடந்துபோயிருந்தார்கள்.

குனிந்து என்ன செய்தான் என்று அமெரிக்கக் கோச் சங்கரலிங்கத்தைத்தான் கேட்டார். கால் பட்டால் நாங்கள் அப்படித்தான் என்று சொல்ல அவரிடம் இங்கிலீஷ் இல்லை. கோச் தலையை ஆட்டிவிட்டு, முதலாவதாக வந்தவனிடம் கைகுலுக்கப் போனார்.

அன்றைக்குச் சங்கரலிங்கம் அழகரை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஓடி முடிச்சுட்டுப் போய்த் தொட்டுக் கும்பிட்டா ஆகாதாலே?”

“கை தானாப் போயிருச்சு அண்ணாச்சி.”

படிப்பு நின்றது. அழகர் ரொட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயும் பஸ்ஸில் போகமாட்டான், பனி கொட்டினாலும் ஓடித்தான் போவான். சங்கரலிங்கம் சும்மா விடவில்லை. சப்வேயில் கூட்டத்தைக் கண்டால், யார் காலையாவது மிதித்துவிட்டு ரயிலைக் கோட்டை விட்டுவிடாதே என்பார். அவன் சிரிப்பான். அதுவே அவருக்கு இன்னும் எரிச்சல்.

எழுபத்தெட்டில் அவனுக்கு ரத்தத்தில் வியாதி வந்தது. குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரி. ஓடின கால் குச்சியாகிவிட்டது. டாக்டர்கள் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று சொன்னபின்னும் சங்கரலிங்கம் வேலை முடிந்ததும் போய்விடுவார். வீட்டு ஹீட்டரில் காயவைத்த ஸாக்ஸைச் சட்டைக்குள் சூடாக வைத்துக்கொண்டு போய், குனிந்து மாட்டிவிடுவார்.

அப்படி மாட்டும்போது ஒரு சாயங்காலம் அந்தக் கால் தன்னால் வெட்டி இழுத்து அவர் நெற்றியில் இடித்தது. வலியொன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அழகரின் முகம் கோணிப்போயிருந்தது. ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கப் பார்த்தான். விரல்தான் அசைந்தது. கை வரவில்லை.

“ஒண்ணுமில்லலே, கிட,” என்றார்.

அவன் விடவில்லை. மறுபடியும் தூக்கப் பார்த்தான். முடியவில்லை.

“கை வரமாட்டேங்கு அண்ணாச்சி. நீங்களே என் கையை எடுத்து, உங்க நெத்தியத் தொட்டு, என் கண்ணுல ஒத்தி விடுங்க.”