மோடமும் மோடனும்

கணினி திருத்தும் தொழிலில் பொய் சொல்லத் தேவையில்லை. பெட்டியைத் திறக்காமலே "வேலை செய்யும்" என்று சொன்னால் போதும். தொலைபேசிக் கம்பியில் இணையம் பிடிக்கக் காத்துக் கிடந்தவர்களே, உங்களில் சிலரை அப்படிக் காக்க வைத்தவன் நான்தான்.

ஹலால் கம்ப்யூட்டர்

திருட்டு சீடி ஹராம், மார்க்கத்தில் கூடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் மௌலவி பயான் செய்தார். கல்முனையில் என் கடையில் ஏற்றிக்கொடுத்த விண்டோஸ் எல்லாம் அந்தச் சீடிதான். மறுநாளே களவில்லாமல் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறினேன். பயம் பாதி, பெருமை பாதி.

முதலில் அகப்பட்டவர் மருதமுனையில் எட்டுத் தறி வைத்துச் சாரன் நெய்விக்கும் ஹாஜியார். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் ஈமெயிலில் மாதிரி அனுப்புவார். வெள்ளி காலைக்குள் பதில் போனால்தான் ஓடர் கிடைக்கும். "சும்மா பறக்கும்" என்றேன். எங்கள் பக்கம் மோடன் என்றால் முட்டாள். தொலைபேசிக் கம்பியில் இணையம் பிடித்துத் தரும் மோடத்தையும் ஊரே மோடன் என்றுதான் சொல்லும். ஹாஜியாரும் சொன்னார்: "மத்ததெல்லாம் எனக்கு விளங்காது தம்பி, அந்த மோடன் மட்டும் ஒழுங்கா இரிக்கணும்."

அரை மோடம்

பெட்டிக்குள் நான் பூட்டிய மோடம் அட்டை லினக்ஸில் மூச்சே விடவில்லை. அது முழு மோடமே இல்லை. செலவை மிச்சம் பிடிக்க, மூளை வேலையை விண்டோஸின் தலையில் கட்டிவிட்டுச் செய்த வெறும் அட்டை. இதற்கு மோடம் என்று பெயர் வைக்க வெட்கமும் படவில்லை. விற்ற கொழும்புக் கடைக்காரரிடம் போனில் பாய்ந்தேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "பெட்டியில விண்டோஸுக்கு எண்டு போட்டிருக்கே, நீங்க வாசிக்கிறல்லயா?"

இரண்டு பிளொப்பி

அட்டையை லினக்ஸோடு கதைக்க வைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் இணையத்தில் இருந்தது. இணையத்துக்குப் போக அந்த டிரைவர் வேண்டும். நெட் கஃபேக்கு ஓடினேன். ஒரு பிளொப்பியில் அடங்காததால் இரண்டாகப் பிரித்து எடுத்தேன். மருதமுனைக்குப் போனதும் இரண்டாவது பிளொப்பி செத்துவிட்டது. மறுபடியும் போய் நின்றபோது கஃபேக்காரன் அண்ணன் முறை சொல்லிச் சிரித்தான்: "மோடத்த எழுப்ப இன்னொரு மோடமா, காக்கா?"

வெள்ளிக்கிழமை

உண்மையில் இன்னொரு மோடம் இருந்தது. என் கடை மேசையில், வெளியால் செருகும் முழு மோடம், எதனோடும் கதைக்கும். முதல் நாளே கொண்டுபோயிருக்கலாம். ஓர் அட்டையிடம் தோற்க மனமில்லை. அந்த வீம்புக்கு மார்க்கப்பற்று என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

புது பிளொப்பியிலும் அட்டை எழும்பாமல், வெள்ளி பகல் ஜும்ஆ முடிந்த பிறகுதான் அதைக் கொண்டுபோனேன். முதல் தடவையே கத்திக்கொண்டு இணைந்தது. ஒரேயொரு ஈமெயில்: பதில் வராததால் ஓடரை வேறிடம் கொடுத்துவிட்டார்களாம். பக்கத்து அறையில் தறிகள் சும்மா நின்றன.

"இது எங்க இருந்த, தம்பி?"

"என்ட கடையில, ஹாஜியார்."

"இவ்வளவு நாளுமா?"

"ஓம்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "அப்ப பெட்டிக்குள்ள இருந்தது மோடம்தான். மோடன் வெளியால நிண்டிரிக்கான்."

அந்த அட்டைக்குப் பிற்பாடு எவரோ ஒழுங்கான டிரைவர் எழுதிவிட்டார்கள். இந்த மோடனுக்குத்தான் வயது ஐம்பது தாண்டியும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.