தேவானைக்குத் தெரிந்த ஒரே எண்

தேவானைக்கு முப்பத்து மூன்று வயது. பிறந்தது அடையாறு ஆற்றங்கரையில். குடிசைகளை இடித்தபோது பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கே புருஷன் கணேசமூர்த்தி அவளை அடித்தால், பக்கத்து வீடுகளில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் தாங்கினாள். போன ஜூனில் அவன் மகள் தீபிகாவின் மணிக்கட்டை முறித்தான். சார்ஜரைத் தேடித் தரவில்லையாம். பதினோரு வயதுக் குழந்தை. மறுநாள் அவன் வெளியே போனதும் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

கூட வேலை செய்த சகினா மேற்கு மாம்பலத்தில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தாள். தீபிகாவுக்குப் பக்கத்திலேயே பள்ளி. மகள் அவன் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் தேவானைக்கு வேண்டியிருந்தது. தி. நகரில் எங்கள் அடுக்ககத்தில், என் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

எங்கள் கேட்டில் ஒரு ஆப் உண்டு. வேலைக்கு வருகிறவர்களின் பெயரையும் எண்ணையும் அதில் பதிய வேண்டும். பதிந்தது நான்தான்.

"உங்க நம்பர் சொல்லுங்கக்கா."

மூச்சுவிடாமல் பத்து இலக்கத்தையும் சொன்னாள். ரேஷன் கடை, கேஸ், பள்ளி, ஆஸ்பத்திரி என்று எங்கே கேட்டாலும் அவள் சொல்லிப் பழகிய எண் அது. கணேசமூர்த்தியுடையது. சகினா வாங்கித் தந்த புது சிம்மின் எண் அவளுக்கு இன்னும் மனதில் ஏறவில்லை.

அவள் கேட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஆப்பிலிருந்து அவனுக்குக் குறுஞ்செய்தி போனது. அடுக்ககத்தின் பெயர், தெரு, நேரம். மூன்றாம் நாள் நாலு மணிக்குச் சற்று முன், அவள் வேலை முடிந்து கேட்டுக்கு வரும்போது வந்துவிட்டான்.

"இன்னாடி, வேலை நல்லா கீதா? வெத்தல பாக்கு வச்ச மாதிரி டெய்லி மெசேஜ் அனுப்புற, வராம இருப்பனா?"

அவள் கூந்தலைப் பிடித்து கேட்டில் மோதினான். "பாப்பா எங்க?"

"கொன்னாலும் சொல்லமாட்டேன்யா."

மறுபடி மோதினான். ஒரு பல் தரையில் விழுந்தது.

அடுக்ககச் சங்கச் செயலாளர் கருணாகரன் கார் சாவியோடு வந்தார். "குடும்பச் சண்டையெல்லாம் கேட்டுக்கு வெளிய வச்சுக்கோங்கப்பா. வண்டி எடுக்கணும்."

கலாட்டா நின்றால் போதும் என்று வாட்ச்மேன் ஜெயராம் கணேசமூர்த்தியின் தோளைத் தட்டினார். "அடிக்காத நைனா. பொண்ணு நாலு மணிக்கு ஸ்கூல் வுட்டு நேரா இங்கதான் வரும். குந்து." தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் சத்தம் கேட்டு இறங்கி வந்தபோது அவன் உட்கார்ந்திருந்தான். தேவானையின் முந்தானை அவன் கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. நான் போலீஸுக்குப் போன் செய்தேன். "புருஷன் பொண்டாட்டி தகராறாம்மா?" என்றது ஒரு குரல். முகவரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தீபிகா தெருமுனையில் திரும்பினாள்.

"ஓடுடீ!" தேவானை கத்தினாள்.

தீபிகா ஓடவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தாள். நேராக நடந்து வந்தாள்.

"அம்மாவ வுடுப்பா. நான் வரேன்."

யாரும் சொல்லாமலே, கேட்டருகே நின்ற அவன் பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் அவன் முந்தானையை விட்டான்.