பெர்னிஸும் கென்னர் தெரு மணியும்

கென்னர் தெரு லெவல் கிராசிங்குக்கு எதிரே டோனட் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பெர்னிஸ் வோய்சிக். ஆரஞ்சு நிற மேலங்கி, கையில் ஸ்டாப் பலகை, வாய் நிறைய வசவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தெருவைக் கடத்தி விடுவது அவள் வேலை. சம்பளம் கொடுப்பது நகராட்சி, பிள்ளைகளை அனுப்புவது பள்ளிக்கூடம். அதனால் இரண்டு இடத்திலிருந்தும் திட்டு வாங்குவாள். வாங்கியதை வட்டியோடு திருப்பியும் கொடுப்பாள்.

அதற்கு முன்பு பழைய இரும்புக் கிடங்கில் லாரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தாள். கிடங்கை மூடினார்கள், இங்கே வந்து நின்றாள்.

"லாரிக்காரங்களையே அடக்கினவ நான், இந்தப் பொடிசுங்க எம்மாத்திரம்னு நெனச்சேன் லுவான். லாரிக்காரங்க தேவலடி" என்பாள் என்னிடம்.

எங்கள் ஊரின் சாபம் கூட்ஸ் வண்டி. இண்டியானா மாநிலத்தில் எல்லாத் தண்டவாளமும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறதோ என்று தோன்றும். போனால் பரவாயில்லை, நின்றுவிடும். கேட் இறங்கிவிடும், வண்டி குறுக்கே கிடக்கும், இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரியாது. எப்போது நகரும் என்று கேட்டால் ரயில்வேக்காரனுக்கே தெரியாது. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், எங்கள் வீடுகள் இந்தப் பக்கம். பாலத்தைச் சுற்றிப் போனால் முதல் வகுப்பே முடிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் சட்டம் ஒன்று உண்டு. மூன்று தடவை லேட் ஆனால் பேண்ட் வாத்தியக் குழு கிடையாது, பந்தாட்டம் கிடையாது. பிள்ளைகள் என்ன செய்யும்? இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், அவற்றை இணைக்கும் கொக்கி மேல் ஏறி அந்தப் பக்கம் குதிக்கும். இதில் என்னத்தை ஒளிக்க? நாங்களும் ஏறினவர்கள்தான். பெர்னிஸும் ஏறினவள்தான். முழங்காலில் அந்தக் கொக்கியின் கறுப்பு மசகு படாமல் இந்தப் பக்கத்தில் யாரும் வளரவில்லை.

யார் பொறுப்பு என்று கேட்டால் நகராட்சி சொல்லும்: தண்டவாளம் ரயில்வேயினுடையது, பிள்ளை பள்ளிக்கூடத்தினுடையது. பள்ளி நிர்வாகம் சொல்லும்: வாசலுக்குள் வந்தால்தான் எங்கள் பிள்ளை, அதுவரை நகராட்சியின் பாடு. இரண்டு பேச்சையும் என் கடையிலேயே கேட்டிருக்கிறேன், வாயில் என் டோனட்டை வைத்துக்கொண்டு பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நகராட்சி மன்றமும் பள்ளி வாரியமும் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றாக உட்காரும். போன வருஷம் அந்தக் கூட்டத்துக்குப் பெர்னிஸ் மேலங்கியோடு போய் நின்றாள்.

"வண்டி நின்னுச்சுன்னா நான் போன் பண்றேன். நீங்க மணியை அடிக்காம வைங்க. வண்டி நகர்ந்து என் பிள்ளைங்க உள்ள வந்தப்புறம் அடிங்க. மணி அடிக்கலேன்னா யாரும் லேட் இல்ல. லேட் இல்லேன்னா எவன் ஏறப்போறான்? இவ்வளவுதான் கேக்குறேன்."

ஒரு வக்கீல் எழுந்து, பள்ளிக்கூட மணியை நகராட்சி ஊழியர் நிறுத்தினால் பின்னால் வழக்கு வந்தால் யார் மீது வரும் என்றார். "என் மேல வரட்டும், போங்க" என்றாள் இவள். குழு போட்டார்கள், குழுவுக்குள் குழு போட்டார்கள். கடைசியில் ஒப்பந்தம் வந்தேவிட்டது. தலைமையாசிரியை மிஸஸ் ஹாட்லியும் மேயரின் உதவியாளர் கார்வரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கேக் என் கடையில்தான் வாங்கினார்கள். பெர்னிஸ் இரண்டு துண்டு தின்றாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் மாதம், ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த முதல் திங்கட்கிழமை. மழையும் பனியும் கலந்து கொட்டியது. வண்டி வந்தது, முனகியது, குறுக்கே நின்றது. இந்தப் பக்கம் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பெர்னிஸ் போன் செய்தாள். "சொல்லிடுறேங்க" என்றது பள்ளிக்கூட அலுவலகம்.

பெர்னிஸ் திரும்பினாள். "எல்லாரும் கேளுங்கடா! இன்னிக்கு மணி நமக்காகக் காத்திருக்கும். ஒருத்தரும் ஏறக் கூடாது!"

"நிஜமாவா மிஸ்?" என்று கேட்டது மரிசோல். எட்டாம் வகுப்பு, கையில் ட்ரம்பெட் பெட்டி. ஏற்கெனவே இரண்டு லேட். மே மாத ஊர்வலத்தில் அவள் தனியாக வாசிக்க வேண்டிய பகுதி ஒன்று இருந்தது. காலையில் இந்தத் தெருவில் அவள் ஊதி ஊதி எனக்கே அது மனப்பாடம்.

"பெர்னிஸ் எப்பவாவது பொய் சொல்லியிருக்காளா?"

பிள்ளைகள் நின்றார்கள். நம்பி நின்றார்கள். நான் சூடாக ஒரு தட்டு டோனட் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்போது மணி அடித்தது.

வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து தெளிவாகக் கேட்டது. விஷயம் பிறகுதான் தெரிந்தது. அந்த மணியைக் கையால் யாரும் அடிப்பதில்லை, எந்திரம் தானாக அடிக்கிறது. எந்திரத்தை மாற்றி வைப்பது நகராட்சி ஆட்கள் என்று பள்ளிக்கூடம் நினைத்திருந்தது. பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும் என்று நகராட்சி நினைத்திருந்தது. கையெழுத்துப் போட்டார்கள், கேக் தின்றார்கள், மணியிடம் போக ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை!

பெர்னிஸின் முகம் செத்துவிட்டது. ஒரு பையன், "பொய் சொல்லிட்டீங்கல்ல?" என்று கத்திவிட்டு ஓடினான். பத்துப் பேர் அவன் பின்னால் ஓடினார்கள். முன்னால் ஓடியவர்கள் ஏறிக் குதித்துவிட்டார்கள். மரிசோலுக்கு ட்ரம்பெட் பெட்டி இடித்தது. கொக்கி மேல் ஒரு கால், வண்டியின் ஏணியில் ஒரு கை, நடுவில் பெட்டி சிக்கிக்கொண்டது.

அந்த நேரத்தில் சத்தம் கேட்டது. இங்கே பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். எஞ்சின் இழுத்தால் முதல் பெட்டி அதிரும், அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது. டங், டங், டங் என்று தூரத்திலிருந்து நம்மை நோக்கி ஓடி வரும். வந்து சேர்ந்தால் கொக்கி மேல் நிற்பவர் கீழேதான்.

நடைபாதையைத் தாண்டி ரயில்வே நிலத்தில் கால் வைத்தால் வேலை போய்விடும் என்று பெர்னிஸிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். அவள் பலகையைத் தூக்கி எறிந்தாள்.

"விட்டுடுடி! பெட்டியை விட்டுடு!"

அந்தப் பெண் விடவில்லை. சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. பெர்னிஸ் மரிசோலின் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து, லாரிக் கதவை இழுப்பவள்போல இழுத்தாள். இருவரும் ஜல்லியில் விழுந்தார்கள். பெட்டிகள் அதிர்ந்தன, சக்கரம் உருண்டது. ட்ரம்பெட் நசுங்கிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் தட்டு எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

மரிசோல் எழுந்து பெர்னிஸைப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. "உங்களை நம்பித்தான் நின்னேன் மிஸ்" என்றாள். ஐயோ, அதற்கு அவள் அடித்திருக்கலாம்.

மதியம் கார்வர் என் கடைக்கு வந்தார், மேலங்கியைத் திருப்பி வாங்க. ரயில்வே நிலத்தில் கால் வைத்தாளாம். முழங்கையில் கட்டோடு மூலை மேஜையில் உட்கார்ந்திருந்த பெர்னிஸ், அதைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அதற்குள் ஹாட்லியும் வந்துவிட்டார், மன்னிப்புக் கேட்க. கார்வரைப் பார்த்ததும், "நீங்க மாத்தி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். கார்வர், "பள்ளிக்கூட மணியை நாங்க எப்படிங்க தொட முடியும்?" என்றார்.

பெர்னிஸ் மேஜையைத் தட்டினாள். காபிக் கோப்பை துள்ளியது.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும். என் வேலை போனா போகட்டும். நாளைக்கு வண்டி நின்னா அந்தப் பிள்ளைங்க நிக்குமா? யார் சொன்னாலும் நிக்காது. இன்னொரு தடவை மணி அடிச்சா அப்புறம் ஆயுசுக்கும் நிக்காது. மேடம், நீங்க உங்க கையாலயே அந்த மணியைப் பிடிச்சு வைங்க. கார்வர், நீங்க தினம் காலையில இங்க வந்து பிள்ளைங்களோட நில்லுங்க. உங்க ஆபீசுக்கு நீங்க லேட்டாப் போங்க. அப்ப தெரியும்."

ஹாட்லி தலையசைத்தார். கார்வர் மேலங்கியை அவள் நாற்காலி முதுகில் தொங்கவிட்டுவிட்டுப் போனார். இந்த மனுஷனுக்கு இத்தனை நாள் டோனட் விற்றது வீணில்லை என்று அன்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை வண்டி மறுபடி நின்றது. கார்வர் பளபளக்கும் ஷூவோடு சேற்றில் நின்றிருந்தார். போனைக் காதில் வைத்து, "வண்டி நின்னுடுச்சு மேடம்" என்றார். பிள்ளைகள் யாரையும் பார்க்கவில்லை, பெட்டிகளைத்தான் பார்த்தார்கள். இந்தத் தடவை பெர்னிஸ் சத்தம் போடவில்லை.

"நில்லுங்க கண்ணுங்களா. மணி அடிச்சா நானே உங்களை விட்டுடுறேன்" என்றாள்.

மரிசோல் ஏணியின் பக்கத்தில் போய்க் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். பெர்னிஸ் அவளிடம் போகவில்லை. போனால் அவள் ஏறிவிடுவாள் என்று தெரியும். நான் கடை வாசலில் மாவுக் கையோடு, கடவுளே அடித்துவிடாதே, அடித்துவிடாதே என்று நின்றேன்.

கடைச் சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஆனது, பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. எஞ்சின் எங்கேயோ உறுமிக்கொண்டிருந்தது. கார்வர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். எட்டு தாண்டியது. இன்னும் தாண்டியது.

"கடிகாரம் செத்துப்போச்சா?" என்றான் அன்றைக்குக் கத்திய அந்தப் பையன். யாரும் சிரிக்கவில்லை.

மரிசோல் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்து, மசகைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பெர்னிஸின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணும் கேக்கல மிஸ்."

"ஆமாண்டி" என்றாள் பெர்னிஸ். "ஒண்ணும் கேக்கல."

வண்டி நகர்ந்தது, கேட் ஏறியது. பெர்னிஸ் பலகையைத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளைகள் ஓடாமல் நடந்து போனார்கள். கார்வர் கடைசிப் பிள்ளையின் பின்னால் பள்ளிக்கூட வாசல்வரை போய், போனில் ஏதோ சொன்னார். அப்புறம்தான் மணி அடித்தது.

பெர்னிஸ் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன். பலகையை இன்னும் விடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், அதனால் கோப்பையை நானே பிடித்துக்கொண்டேன்.