அண்ணனுக்குப் பத்தியம்

எங்கள் மலைச் சாமையை வாங்க வேலூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் சர்க்கரை நோய்க்காரர்கள் கார் வைத்துக்கொண்டு வருவார்கள். அதனால் அண்ணனுக்குச் சர்க்கரை என்றதும் அம்மா பெரிதாகப் பதறவில்லை. மருந்துதான் வீட்டிலேயே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே!

அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சில் கெட்டிச் சளி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். எங்கள் ஊரில் அதைத் திக்காமல் சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதில் அவனுக்குக் கர்வம் வேறு. அவன் வியர்வை அத்தனை உப்பு. ஆடுகள் எங்களையெல்லாம் விட்டுவிட்டு அவன் கையைத்தான் நக்கும். அந்த நோயே பிறகு சர்க்கரையையும் கூட்டிக்கொண்டு வந்தது.

வேலூர் டாக்டரைப் பார்க்க நாள் கிடைப்பதற்குள் அம்மா வைத்தியத்தைத் தொடங்கிவிட்டாள். அரிசிச் சோறு நின்றது, பலாப்பழம் நின்றது. ராத்திரிக்குக் கொஞ்சம் சாமைக் கஞ்சி மட்டும். போதாததற்குக் காலையும் மாலையும் மேட்டில் நடை.

"நடடா, நடந்தா சக்கர எறங்கும்னு ஊரே சொல்லுது."

பள்ளிக்கூட மேட்டில் என்னை முந்திக்கொண்டு ஓடியவன் பாதி வழியில் உட்கார ஆரம்பித்தான். ஏற முடியாவிட்டால் கண்ணமங்கலத்தில் சித்தி வீட்டில் விட்டுவிடலாம், அங்கே தரை சமம் என்றார் அப்பா. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? தினமும் முதுகில் கைவைத்துத் தள்ளிப் பார்த்தேன்.

"தள்ளாதடி, கால்ல தெம்பே இல்ல" என்பான்.

வேலூரில் அவன் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் ஒரு கிளிப்பை மாட்டி, நீள வராந்தாவில் நடக்கவிட்டார்கள். உட்காராதே, உட்காராதே என்று மனசுக்குள் கத்தினேன். உட்கார்ந்துவிட்டான்.

என்ன சாப்பிடுகிறான் என்று டாக்டரம்மா கேட்டார். நிறுத்தியதையெல்லாம் அம்மா பெருமையாக ஒப்பித்தாள்.

"ஐயோ, நிறுத்தாதீங்கம்மா! பெரியவங்களுக்கு வர்ற சர்க்கரை இல்ல இது. இவனுக்கு நிறையச் சாப்பாடும் வேணும், இன்சுலினும் வேணும். பட்டினி போட்டா எப்படி மேடு ஏறுவான்?"

தெம்பு வரட்டும், அதுவரை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்று அப்பாவிடமும் சொன்னார். நான் அங்கேயே குதித்தேன். பஸ்ஸில் அம்மா அண்ணன் காலை மடியில் போட்டுப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அப்பா ஊசி போட்டதும், அம்மா அண்ணன் தட்டில் சோற்றைக் குவித்து நெய் ஊற்றினாள். அவன் தலை நிமிராமல் தின்றான். "இன்னும் வைமா" என்றான். வைத்தாள். அவள் தட்டு அப்படியே இருந்தது.

"நீ துன்னலியாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு வேணாம்."

அம்மாவுக்கும் சர்க்கரை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, அவள் தட்டிலிருந்த முட்டையை நான் எடுத்துக்கொண்டேன்.