கொரியாக் கரையில் அன்ரன்

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு ரெஜினா என் வீட்டுக்கு வந்தாள். அடுத்த ஒழுங்கைதான். எங்கள் முற்றத்தில்தான் போனுக்குக் கவரேஜ் ஒழுங்காக எடுக்கும். அதனால் கொரியாவிலிருந்து வரும் வீடியோ கோல் எல்லாம் என் மாமரத்தடியில்தான்!

அவளுடைய கணவர் அன்ரன் இங்கே ஊர்காவற்றுறையில் சொந்த வள்ளத்தில் கடற்றொழில் செய்தவர். மூன்று வருடமாகத் தென்கொரியாவில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார்.

"அக்கா, கொம்பனி அவரை இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லுதாம். இண்டைக்கு முடிவு எடுக்கவேணும்."

"நீர் என்ன சொல்லப் போறீர்?"

"அவருக்கு அங்க நிக்க விருப்பம் போல. நான் ஏன் குறுக்க நிப்பான்?" சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோல் வந்தது. அன்ரன் ஒரு மேட்டில் நின்று போனைத் திருப்பிக் காட்டினார். அப்பாடா... என்ன கரை அது! உருக்காலை, எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம், வானத்தைத் தொடும் கிரேன்கள்.

"அக்கா, அந்தா அந்தச் சிவப்புக் கப்பல்... அதின்ர வயிறு முழுக்க நான் பெயின்ட் அடிச்சது!"

அங்கே இரும்புத்தாதும் எண்ணெயும்கூட வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றனவாம்; ஆனாலும் இப்படி வளர்ந்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஊர்காவற்றுறையும் ஒருகாலத்தில் பாய்க்கப்பல்கள் வந்துபோன துறைமுகம்தானே? இன்று எங்கள் நண்டு ஐஸில் கிடந்து கொழும்புக்குப் போகிறது. நண்டு பிடித்தவர்கள் கொரியாவுக்குப் போகிறார்கள்.

போன் மறுபடி அன்ரனின் முகத்துக்குத் திரும்பியது. ரெஜினாவிடம் கேட்டார்.

"தெற்காலை சோளகக் காத்துத் துவங்கீட்டுதோ?"

"ஓம்."

"நண்டு வலையில படுகுதோ?"

"பரவாயில்லையாம்."

"வள்ளத்தை... வித்துப்போட்டீரோ?"

"ஏன் விக்கிறன்? தென்னோலைக் கிடுகு போட்டு மூடியிருக்கு. போன கிழமையும் புதுக் கிடுகு மாத்தினனான். வெயிலுக்கு வெடிச்சுப் போகுமெல்லே?"

அன்ரன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"நான் வாறதைப் பற்றி நீர் ஒருநாளும் கேக்கேல்லை. வீடு கட்டி முடியுமட்டும் நான் இஞ்ச நிக்கிறதுதான் உமக்கு விருப்பமெண்டு..."

"உங்களுக்குத்தான் அங்க பிடிச்சிருக்கெண்டு நான் நினைச்சன்!"

ரெஜினா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கோப்பா. வீட்டை மெல்ல மெல்லக் கட்டுவம். ஏலாட்டி ஓலைக்குக் கீழ இருப்பம்."

திரையில் அன்ரன் இல்லை. வானமும் ஒரு கிரேனின் நுனியும் மட்டும் தெரிந்தன. அவர் அழுவது கேட்டது. பிறகு கரகரத்த குரலில், "ஊருக்குப் போறனெண்டு நாளைக்கே கொம்பனியிலை சொல்லிப்போடுறன்" என்றார்.

ஒரு தொழிற்கரை வளரத் துறைமுகம், மூலப்பொருள், மின்சாரம், தொழிலாளர் எல்லாம் வேண்டும் என்று புவியியல் பாடத்தில் மனப்பாடம் செய்தோம். 'தொழிலாளர்' என்று ஒரே சொல்லில் கடந்து போனோமே... அதற்குள் எத்தனை அன்ரன்மார்? இங்கே எத்தனை ரெஜினாக்கள்? ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு, மூன்று வருடம்!

உங்கள் ஆள் எந்தக் கரையில் நிற்கிறார்? நான் எழுதிய இந்தப் பத்தியை மூடிவைத்துவிட்டு, முதலில் ஒரு கோல் எடுங்கள்.